இடப்பக்க மூலை

கைகள் முகத்துக்கு முன்னால் மேகம்போல் நகர்ந்துகொண்டிருந்தபோதுதான் யுவேலானுக்கு உறைத்தது. 'மேகக் கைகள்' அசைவு ஏற்கனவே முடிந்துவிட்டது.

தாய்ச்சி என்னும் சீன உடற்பயிற்சியின் அசைவு வரிசையில் 'ஒற்றைச் சாட்டை' இரண்டு முறை வரும். முதல் முறைக்குப் பின் மேகக் கைகள். இரண்டாம் முறைக்குப் பின் குதிரையைத் தட்டிக்கொடுக்கும் அசைவு. அவள் மறுபடி மேகத்துக்குப் போய்விட்டாள். இடுப்பு தாழ்ந்து, முதுகு நேராக, மூச்சு அடிவயிற்றில். உடம்பில் ஒரு குறையும் இல்லை.

நிறுத்தவும் முடியாது. கூட்டம் இடப்பக்கம் திரும்பினால் அவள்தான் முன்னால். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய ஆள் வேண்டுமென்று, தெரிந்தவர்கள் நான்கு மூலைகளில் நிற்பார்கள், புதியவர்கள் நடுவில். பஞ்சாலையில் நின்று நின்று இடுப்பு விட்டுப்போய் ஹான்கோ நகரின் இந்த ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வந்தபோது அவளும் நடுவில்தான் நின்றாள். மூலை பிறகு கிடைத்தது.

பின்னால் துணிச் செருப்புகள் இடப்பக்கமாக நகரும் சத்தம். எல்லோரும் அவளைப் பார்த்தே செய்துகொண்டு வந்தார்கள். ஒரு அசைவு கூடிப்போனதால் இசை அவர்களுக்கு முன்னதாகவே முடிந்தது. கடைசி அசைவுகளைச் சத்தமில்லாமல் செய்தார்கள்.

ஒலிபெருக்கியைத் தூக்க வந்தான் பெங். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன்.

"என்னக்கா, ஒரு மேகம் பத்தலையா?"

"தெரிஞ்சுதா?"

"கடைசி வரிசை வரைக்கும் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா பின்னாலயே வந்தீங்க?"

"நீ போற, வர்றோம். இத்தன வருஷமா வேற என்னத்தக் கிழிச்சோம்?"

அவள் சிரிக்கவில்லை. "எங்க பெரியக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல சாவிய மறந்தா. அப்புறம் அடுப்பு. அப்புறம் என் பேரு."

பெங் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு உன் பொண்டாட்டிய மூலையில நிக்கச் சொல்லு. நான் நடுவுல நிக்கிறேன்."

"மெய்ஷானா? வீட்டுலயே அவதான் முன்னால. இங்கயுமா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "ஒரு தடவைதானேக்கா. யாரும் ஒண்ணும் சொல்லல."

"சொல்ல மாட்டீங்க. ஆத்துக்குள்ள கூட்டிட்டுப் போனாலும் வருவீங்க. அதான் பயம்."

அவன் ஒலிபெருக்கியை மறுபடி கையில் எடுத்தான். பிறகு, "நடுவுல நின்னா நாலு பக்கமும் நாங்க இருப்போம்" என்றான்.

"அதுக்குத்தான்டா கேக்குறேன்."

மறுநாள் தூறல் இருந்தது. பாதிப் பேர்தான் வந்தார்கள். மூலையில் மெய்ஷான் நின்றாள். யுவேலான் நடுவில், புதிதாக வந்த தபால்காரருக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டாவது ஒற்றைச் சாட்டைக்குப் பின் மெய்ஷானைப் பார்த்துக் குதிரையைத் தட்டிக்கொடுத்தாள். இசையோடு முடித்தார்கள். எள்விழுது நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். பிறகு பெங் அவளை மருத்துவமனைக்குப் பேருந்தில் கூட்டிப் போனான்.