வேலூரிலிருந்து வந்த கவுன்

முத்திரைத்தாளுக்குப் பின்னாலேயே அண்ணியின் முந்தானையும் டைப் மெஷினின் உருளைக்குள் நுழைந்துவிட்ட அந்தக் காலைவேளை எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறந்த துணி எப்போது உள்ளே போனதென்று அண்ணிக்குத் தெரியவில்லை. முக்கால் பக்கம் அடித்தாகிவிட்டது. அடுத்த வரிக்குத் திருப்பும்போது எதுவோ பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வலுக்கொடுத்துத் தள்ளினார். தாள் குறுக்கே கிழிந்துபோனது. வாங்கிப்போக வந்த வக்கீல் குமாஸ்தா தாம்தூம் என்று குதித்தார். அவர் குதித்து ஓய்ந்து போன பிறகு, மை அப்பிய முந்தானை முனையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே அண்ணி சொன்னார்: “தப்பு என்னுது இல்ல. புடவையுது.”

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. வேலூர்க்காரர். டைப்பில் ஹையர் பாஸ் செய்தவர். கல்யாணத்தின்போது பீரோ, கட்டிலோடு ஒரு பழைய இங்கிலீஷ் மெஷினும் சீராக வந்து இறங்கியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. மலையடிவாரத்தில் பெரிய கோயில் உள்ள ஊர் எங்களுடையது; தேரடித் தெருவில் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. அண்ணன் செங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர்; காலை பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. தையல் படித்து முடித்துவிட்டு, ஜாதகத்தை ஊரெல்லாம் அனுப்பிவிட்டு, யாராவது வந்து கட்டிக்கொண்டு போகமாட்டார்களா என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி வெளியே வேலைக்குப் போகக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. வீட்டிலேயே அடித்துக் கொடுத்தால் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார். “நாலு பேர் காயிதம் குடுக்க வருவாங்க. புடவை கட்டி, பொட்டு வெச்சிக்கினு, வீட்டுப் பொண்ணா உக்காரணும்.” அவரை ஒரேயடியாகக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பெண்டாட்டி இல்லாத வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் மகள் இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று பயந்த மனிதர். ஆபீசுக்குப் போகிறவளுக்கு ஆபீஸ் உடுப்பு உண்டு. வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவளுக்கு அப்படி ஒன்று கிடையாது. அவள் எட்டு மணி நேரம் முதுகொடிய உழைத்தாலும், வாசலில் வந்து நிற்கிறவன் கண்ணுக்குச் சும்மா இருப்பவளாகத்தான் தெரிய வேண்டும். இது எனக்கு அப்போது புரிந்தது என்று சொன்னால் பொய். இப்போது யோசிக்கும்போது புரிகிறது.

முத்திரைத்தாள் கிழிந்த வாரத்தில்தான் கவுன் தயாரானது. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா தன் குறிப்புகளை அடிக்கக் கொடுத்துவிட்டுப் போவார். தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே தொங்கலாக ஓர் அங்கி போட்டிருப்பார். அதைக் கண்ணாலேயே அளவெடுத்தேன். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட சீட்டித் துணி வாங்கி வந்து, தோளில் சுருக்கம் வைத்து, கையை முழங்கைக்கு மேல் நிறுத்தி, இரண்டு மத்தியானத்தில் தைத்து முடித்தேன். தோள் சுருக்கம் ஒவ்வொன்றும் ஒரே அளவாக விழுந்திருந்தது. மெச்ச வேறு ஆள் இல்லாததால் நானே மெச்சிக்கொள்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்த முதல் நாள், அண்ணி இரண்டு கைகளையும் வீசி வீசி அடித்தார். இடுப்பில் சொருக வேண்டியதில்லை, தோளில் ஏற்றிவிட வேண்டியதில்லை. “இதுல உக்காந்தா உடம்புனு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோவுது. வேலை மட்டும்தான் தெரியுது,” என்றார். தகரம் போட்ட பின்கட்டு அறையில், மலைப் பாறை கக்கும் கத்திரி வெயில் சூட்டில், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வேலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பாவுக்குத் தெரிந்தால் கவுன் மட்டுமல்ல, மெஷினும் போய்விடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் ஒரு திட்டம் போட்டுக்கொண்டோம். ஒன்பதுக்கு அப்பா கடைக்குக் கிளம்பியதும் கவுன். இரண்டு மணிக்குச் சாப்பிட வருவார், ஒன்றரைக்குப் புடவை. காகிதம் கொடுக்க வருகிறவர்களிடம் வாசலில் நான் வாங்கிக்கொள்வேன். சின்ன வீடு, பீரோ, கட்டில் எல்லாம் கூடத்தில்தான். கட்டிலின் மேல் புடவை மடித்துத் தயாராக இருக்கும். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் வாசலை எட்டிப் பார்ப்பேன். அண்ணனுக்குக் கவுன் இருப்பது தெரியும், எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. தெரியாதது போல இருந்தார். அந்தச் சாமர்த்தியம் எங்கள் குடும்பத்து ஆண்களுக்குக் கூடவே பிறந்தது.

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஆரணியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். நாங்களும் வெள்ளிக்கிழமைக்கு வீடு கழுவுவது, கேசரி கிண்டுவது என்று கணக்குப் போட்டிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா எங்களைவிடக் கெட்டிக்காரர். கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், முடித்துவிட்டுப் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, தன் தம்பியை அழைத்துக்கொண்டு, கையில் தாம்பூலப் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். சொல்லாமல் போய்ப் பார்த்தால்தான் பெண் வீட்டு லட்சணம் தெரியும் என்பது அந்தக் காலத்து மாமியார்கள் எல்லோரும் அறிந்த பாடம். குமாஸ்தாதான் ஏதோ காகிதம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவை விரியத் திறந்துவிட்டேன். “ஆரணிலேருந்து வர்றோம்மா,” என்றார் அந்த அம்மாள். அதற்குள் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார்.

உட்காருங்கள் என்று நான் சொல்லும் முன்பே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார், அண்ணியின் மடித்த புடவைக்குப் பக்கத்தில், அதன் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று பின்கட்டுக்கு ஓடினேன். அண்ணி முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். கோர்ட்டில் அன்று மத்தியானமே தாக்கல் செய்ய வேண்டிய மனு. ஒரு மணிக்குக் குமாஸ்தா வருவார். “ஆரணிக்காரங்க வந்துட்டாங்க அண்ணி. புடவை கூடத்துல மாட்டிக்கிச்சு. வெளிய வராதீங்க, அடிக்காதீங்க,” என்றேன். அவர் கை அந்தரத்தில் நின்றது. “மனு?” என்று மட்டும் கேட்டார். நான் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது; காற்று அடித்தால் திறந்துகொள்ளும். வெளியே இருந்த கொக்கியை மாட்டினேன். மாட்டும்போது எனக்கு அது தப்பாகவே படவில்லை. என் கல்யாணம், என் வாழ்க்கை என்று தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

தண்ணீர் கொடுத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். அண்ணி வேலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். என்ன சமைப்பாய், என்ன தைப்பாய் என்று கேள்விகள் வந்தன. பதில் சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே கால். பன்னிரண்டரை. மெஷின் மெதுவாகத் தொடங்கியது. அண்ணி ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தாமல் அடிக்கப் பார்த்திருக்கிறார். ஆனால் டைப் மெஷினுக்கு ரகசியம் பேசத் தெரியாது.

“இன்னாம்மா சத்தம் அது?”

“பக்கத்து வீட்ல தறி போட்டிருக்காங்க,” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அதையாவது வேறு ஊர்க்காரர்களிடம் செய்திருக்கலாம். ஆரணிக்காரரிடம் போய்த் தறி என்று சொன்னேன். அந்த அம்மாள் தன் தம்பியைப் பார்த்தார். “நாப்பது தறிக்கு நடுவுல பொறந்தவ நான். எந்தத் தறிம்மா வரிக்கு ஒரு மணி அடிக்குது?” என்றார். கோபமா, கேலியா என்று குரலில் தெரியவில்லை.

ஒரு மணிக்குக் குமாஸ்தா சரியாக வந்து சேர்ந்தார். நல்ல காரியத்துக்கு என்றாவது அவர் நேரத்துக்கு வந்ததுண்டா? “டைப் அம்மா, ஆச்சுங்களா? கோர்ட்ல கூப்பிட்டுருவாங்க,” என்று வாசலிலிருந்தே கத்தினார். உள்ளேயிருந்து அண்ணியின் குரல், “ஆச்சுங்க,” என்றது. கதவு தள்ளப்பட்டது. கொக்கி கடகடவென்று ஆடியது. மறுபடி தள்ளினார். நான் நகரவில்லை; நகர முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் எழுந்து போய்க் கொக்கியை எடுத்துவிட்டார்.

அண்ணி கையில் மனுவோடு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. கொக்கியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அப்பா உள்ளே வந்தார். ஆரணிக்காரர்கள் தெருவில் வழி கேட்ட செய்தி கடைக்குப் போயிருக்கிறது. இரண்டு கைகளிலும் வாழைப்பழமும் சோடா பாட்டிலுமாக மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார். குமாஸ்தா மனுவை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியேறினார். மாப்பிள்ளையின் அம்மா அண்ணியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கிட்டே போய், துண்டை விலக்கி, தோளில் இருந்த சுருக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “இது யாரு தெச்சது?”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியாதுங்க. அவங்க வேலூர்லேருந்து கொண்டாந்தாங்க,” என்றேன்.

அண்ணி ஒரு நொடி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதோடு இந்தப் பொய்யும் அம்பலமாகி, ஆரணி சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் அப்பாவின் பக்கம் திரும்பி, “ஆமா மாமா,” என்றார். என்னைவிட நான்கு வயதுதான் பெரியவர் அவர்.

விருந்தாளிகள் போன பிறகு அப்பா சத்தம் போடவில்லை. கைகால் கழுவிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். புடவைக்கு மாறியிருந்த அண்ணிதான் பரிமாறினார். ரசம் வரைக்கும் பேசாமல் சாப்பிட்டவர், தலை நிமிராமலேயே சொன்னார்: “மெஷின் வேலூர்லேருந்து வந்தது. கவுனும் வேலூர்லேருந்து வந்திருக்கு. ரெண்டும் அங்கியே போயிடட்டும்.” அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் தைத்தேன், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள் என்று சொல்லியிருந்தால், அந்தக் கணக்கு அங்கேயே உடைந்திருக்கும். கதவோரம் நின்று இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மெஷினையும் கவுனையும் சாக்கில் கட்டி வேலூர் பஸ்ஸில் ஏற்றினார். அத்தனை பொய்க்குப் பிறகும் அடுத்த வாரம் ஆரணியிலிருந்து சம்மதம் என்று செய்தி வந்தது; ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. கல்யாணமாகி வந்த முதல் கோடையில், அடுப்படியில் விசிறிக்கொண்டே மாமியார் கேட்டார்: “உங்க அண்ணி போட்டிருந்தாங்களே, அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு கெடைக்குமா? தையல் அவ்ளோ சுத்தமா இருந்துச்சு. யாரு தெச்சதுனு அன்னிக்கே கேட்டேன். உனக்குத் தெரியலன்னுட்ட.” அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அன்று அவர் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் கெட்டிக்காரப் பெண் என்று பெயர்தான் கிடைத்திருக்கும். அந்த வாரமே ஊருக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் வேலூரில் மெஷினை யாரோ ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குச் சாக்கா கிடைக்காது?

இப்போது பிறந்த ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் மகனோடு இருக்கிறேன். மருமகள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். முழங்கால் தெரிய ஒரு அரைக்கால் சட்டை, தொளதொளவென்று ஒரு பனியன். கேமரா முன்னால் பேச வேண்டிய நாளில் பனியனுக்கு மேல் நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வாள். கீழே அதே அரைக்கால் சட்டைதான். போன மாதம் அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அண்ணன் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எங்கப்பா இருந்திருந்தா உன் லேப்டாப்பையும் சாக்குல கட்டி அனுப்பியிருப்பாரும்மா,” என்றார். என்ன கதை என்று அவள் கேட்க, அண்ணன் ரசித்து ரசித்துச் சொன்னார். எங்கள் வீட்டு விசேஷங்களில் அது நாற்பது வருடமாக ஓடும் வேடிக்கைக் கதை. “இவ அம்மா வீட்லேருந்து ஒரு கவுன் கொண்டாந்தா பாரு...” என்று வழக்கமான இடத்துக்கு வந்தார். அண்ணி வழக்கம்போல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது வேலூர்லேருந்து வரல. நான் தெச்சது,” என்றேன்.

அண்ணன் பாதிச் சிரிப்பில் நின்றார். கொக்கி மாட்டியது, ஆரணிக்காரர்களிடம் சொன்னது, அப்பாவிடம் சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அண்ணி ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

“இதை அப்பவே மாமாகிட்ட சொல்லியிருந்தா, உனக்கு ரெண்டு திட்டு விழுந்திருக்கும். எனக்கு மெஷின் இருந்திருக்கும்,” என்றார்.

பிறகு மருமகளின் பக்கம் திரும்பி, “நீ போய் வேலையைப் பாரும்மா. கதவை உள்பக்கமா தாழ் போட்டுக்க,” என்றார்.