வெள்ளையாய் வந்த படம்

ஒரு பெண்ணின் தகப்பனைத் திருடி என் நாட்குறிப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதுகுளத்தூரிலிருந்து வேலைக்காகப் பெரியபட்டினம் போனவள் நான். மாடியில் குடியிருந்தேன், கீழே வீட்டுக்காரர் காதர் மாமா. எடுத்தவுடன் படத்தை அட்டையாகத் தள்ளிவிடும் சிறு கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. கருவாடு காயும் தெரு, பேருந்தில் ஏறிய ஆடு... எதையாவது எடுத்து, நாட்குறிப்பில் ஒட்டி, அடியில் இரண்டு வரி எழுதுவேன்.

மாமா படத்துக்கு நிற்கவே மாட்டார். செல்போனைக் கண்டாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். தொண்டியில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் மும்தாஜ் போனில் கெஞ்சிக் கெஞ்சி, ஒரே ஒரு தடவை சம்மதித்தார். அதுவும் என் கேமராவுக்கு!

“இதுல எடுத்தா ஊரெல்லாம் சுத்தாதுல்ல?” என்று கேட்டுக்கொண்டே வாசலில் உட்கார்ந்தார்.

எடுத்தேன். அட்டை வெள்ளையாக வந்தது. உருவம் தெளியச் சற்று நேரமாகும் என்று நான் சொல்வதற்குள் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

“எம் மூஞ்சியப் பாத்து மிஷினே பயந்துருச்சு புள்ள!” என்று சிரித்தபடி தொழப் போய்விட்டார்.

பிறகுதான் படம் தெளிந்தது. என்ன சிரிப்பு அது! என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு... என்னைப் பெற்ற அய்யாவும் நல்லவர்தான். ஆனால் ஒரு நாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஏக்கத்தை உங்களிடம் மறைப்பானேன்?

படத்தை ஒட்டினேன். வெள்ளை விளிம்பில் பேனாவால் எழுதினேன்: அய்யா.

தொழுதுவிட்டு வந்தவரிடம், “விழல மாமா” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! வெறும் வெள்ளையை அவரே கண்ணால் பார்த்திருந்தாரே... இன்னொன்று எடுக்க அவர் இசையவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாமா மவுத்தாகிவிட்டார்.

மும்தாஜிடம் மிஞ்சியது ஆதார் அட்டைப் படம். அதில் அவர் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தார்.

“எம் புள்ளைக்கு இதத்தான் காட்டணும்க்கா. வாப்பா சிரிச்சா கண்ணே மூடிக்கிரும். நீங்க எடுத்தது மட்டும் விழுந்திருந்தா...”

நான் தலைகுனிந்தேன்.

“ஒங்க மேல என்னக்கா தப்பு? மிஷினு செஞ்ச வேலை” என்று என் கையைப் பிடித்துத் தேற்றினாள். தகப்பனைப் பறிகொடுத்தவள், என்னை!

ஏன் கொடுக்கவில்லை? விளிம்பை வெட்டிவிட்டாவது கொடுத்திருக்கலாமே? இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பாள் என்ற பயமா? அதுவும்தான். ஆனால் உண்மை வேறு... கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ராமநாதபுரத்தில் இருக்கிறேன். படம் வெளுத்துக்கொண்டே வருகிறது. மாமாவின் நெற்றி போய்விட்டது. சிரிப்பு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பேனா எழுத்து அப்படியே இருக்கிறது.

நேற்று மும்தாஜ் போன் செய்தாள். “பெருநாளைக்கு எப்பக்கா வாரீக?”

“வாரேன்” என்றேன். நாட்குறிப்பை எடுத்துப் பையில் வைத்தேன்.

இன்று காலை அதைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.