செம்மரத்தில் வந்த மஞ்சள்

எண்பதுகளின் நடுவில் நான் திருப்பதியில் செம்மரச் சாயங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மரத்தூளை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை, ஒரு முழ நீளம்கூட இல்லாத எஃகுக் குழாய்க்குள் பம்பு அழுத்தி அனுப்பும். சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுமுனையில் வரும். வரும் வழியில் டிடெக்டர் என்ற பெட்டி, அதற்குள் ஒரு புற ஊதா விளக்கு. சாயம் அதைக் கடக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு பேனா காகிதத்தில் மேடு போட்டு இறங்கும். பேனா ஏறியதும் நான் ‘ஒகட்டி, ரெண்டு’ என்று எட்டு வரை எண்ணுவேன். டிடெக்டரிலிருந்து குழாய் முனைக்குச் சாயம் வந்துசேர அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு புதுச் சோதனைக்குழாயை நீட்டுவேன். சித்தூரில் கணக்கைத் தெலுங்கில் படித்தவள் என்பதால் எண்ணிக்கை மட்டும் எனக்கு இன்றும் தெலுங்கில்தான் வரும்.

என் பேராசிரியருக்குத் தெரிந்த சிவப்புகள் அலுத்துவிட்டிருந்தன. புதிதாக ஒரு பொருளாவது காட்டாமல் தீசிஸ் எழுத உட்காராதே என்று சொல்லிவிட்டார். மூன்று வருடமாக ஒன்றும் அகப்படவில்லை.

அந்த வருடம் ஆயுதபூஜை விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். லேப் உதவியாளர் எல்லாக் கருவிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். நகரிக்காரர், என் வயதுதான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் டிடெக்டருக்கு ஒரு பொட்டு, பம்புக்கு ஒன்று, செம்மரச் சாறு இருந்த குடுவைக்கு மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் தாராளமாக ஒன்று.

நாங்கள் கிறிஸ்தவர்கள். நைனா, அதாவது என் அப்பா, சபையில் மூப்பர். அந்த வாரம் என் மெஷினைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பொட்டு யாரையும் கடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் வருமுன் எல்லாவற்றையும் அவசரமாகத் துடைத்தேன். குடுவையின் மூடியைக் கழற்றி, மெத்தனால் சொட்டச் சொட்டப் பஞ்சால் கழுத்தையும் துடைத்தேன்.

அன்று மாலையே பேனா இதுவரை ஏறாத இடத்தில் ஏறியது. எட்டு எண்ணிப் பிடித்தேன். மஞ்சள். மறுபடி செலுத்தினேன், மறுபடி வந்தது. மூன்று வாரம் சேர்த்தும் கடுகளவுதான் தேறியது. பேராசிரியர் துறை முழுக்கச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஆராய மெட்ராசுக்கும் கடிதம் எழுதினார். முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னதும் அப்போதுதான்.

மெட்ராசுக்குச் சாம்பிள் அனுப்புமுன் வழக்கமான சோதனையாகக் கொஞ்சத்தைக் கரைத்து ஒரு சொட்டுக் காரம் விட்டேன். மஞ்சள் சிவந்தது. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது உதவியாளர் கழுவிய குடுவைகளோடு வந்தார்.

“இன்னா மேடம், ஆரத்தி கரைச்சி வெச்சிக்கினு கீறீங்க?”

எங்கள் வீட்டில் ஆரத்தி எடுப்பதில்லை, ஜெபம்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரம் சேர்ந்தால் சிவக்கும் என்று ஊருக்கே தெரிந்தது, சாயத்திலேயே ஆராய்ச்சி செய்த எனக்கு உறைக்கவில்லை. கடையில் மஞ்சள்தூள் வாங்கி, கரைத்து, வடிகட்டிச் செலுத்தினேன். பேனா அதே இடத்தில் ஏறியது.

பேராசிரியரிடம் போய், அது மஞ்சள்தான், பூஜைப் பொட்டிலிருந்து வந்திருக்கிறது என்றேன். அவர் உதவியாளரைக் கூப்பிட்டுத் தெலுங்கில் சத்தம் போட்டார். நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே என்றார்.

“வெளியதான் சார் வெச்சேன்” என்று மட்டும் உதவியாளர் சொன்னார்.

நான் சும்மா நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பிறகு, மூடியைக் கழற்றித் துடைத்து மஞ்சளை உள்ளே இறக்கியது நான்தான் என்றேன். ஏன் துடைத்தாய் என்று கேட்டார். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, இருவரையும் போகச் சொன்னார். உதவியாளரின் வேலை தப்பித்தது.

வராந்தாவில் அவர் சொன்னார்: “புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம். உங்களுத மட்டும் உட்டா நல்லாருக்காதேன்னுதான் வெச்சேன்.”

புதுப் பொருள் இல்லாமல் தீசிஸ் இன்னொரு வருடம் இழுத்தது. அடுத்த ஆயுதபூஜைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. மறுநாள் லேபைத் திறந்தேன். தராசு, அடுப்பு, கதவுப் பூட்டு என்று எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. என் டிடெக்டரும் பம்பும் குடுவையும் தூசி துடைத்து, வெறுமனே இருந்தன. பக்கத்தில் என் பங்குப் பொரியைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்.

நான் விரும்பியதுதான் கிடைத்திருந்தது. ஆனாலும் வலித்தது. அவர் வந்ததும் எனக்கும் ஒன்று வையுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அவர் வந்தார். பொரி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.