இந்த வாரத்தின் வில்லன்

புதன்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் அண்ணனை வேலை மேஜையில் பிடிக்க முடியாது. பல் செட் செய்யும் கூடத்தில் அவனுடைய மெழுகு உறைந்துபோய்க் கிடக்கும். யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பற்கள் பாதி பதித்தபடி பிளாஸ்டர் அச்சில் நிற்கும். மேற்பார்வையாளர் கத்துவார். கத்தினால் கத்தட்டும். புது சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பெட்டி வந்து இறங்குகிற நாள் அது. அந்தப் பெரியவர் இன்னும் ஒரு நாள் மெல்லாமல் விழுங்கினால் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது என்பது அவன் கட்சி.

காமிக்ஸ் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை ஸ்டூல் அண்ணனுடையது. பெட்டியைப் பிரித்ததும் கடைக்காரர் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதியை அவன் மடியில் வைத்துவிடுவார். அவன் படித்து முடிக்கும்வரை வாசலில் கூட்டம் காத்திருக்கும். எது தேறும் என்று அவன் சொன்னால்தான் பையிலிருந்து பணம் வெளியே வரும். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, விரல் கணுவால் கல்லா மேஜையை ஒரு தட்டுத் தட்டுவான். கோர்ட்டு கூடிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் அவனுக்கு அங்கே 'தீர்ப்பு' என்று பேர்.

"மூணாவது, காந்தவிரல். இத்தனை நாளா பறந்துட்டே இருந்த பய இந்த வாரம்தான் தரையில இறங்கி பஸ்ஸுக்கு நின்னிருக்கான். பஸ்ஸும் வரல. அதுக்காகவே வாங்கலாம். ரெண்டாவது, இரும்புச்சிறகு. கதை குப்பை. ஆனா அந்த மழையை வரைஞ்சிருக்கான் பாரு, அவன் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம். முதல் இடம் இந்த வாரம் யாருக்கும் இல்ல. மத்ததெல்லாம் வடை மடிக்கக்கூட ஆகாது, மை ஒட்டும்."

இப்படித்தான் பேசுவான். பாரபட்சம் கிடையாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரக்கமும் கிடையாது. இரண்டும் இல்லாத மனுஷனோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எப்படி என்று அவன் தங்கையைத்தான் கேட்க வேண்டும்.

தங்கை ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வேலை செய்தாள். வண்டிக் கண்ணாடிக்கு எழுத்து, கடைக் கதவுக்கு 'தள்ளவும்', 'இழுக்கவும்'. நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தை வெட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் சொந்தமாகப் படம் வரைவாள். சின்ன வயதில் அண்ணன் வாங்கிக் குவித்த காமிக்ஸில்தான் அவளும் விழுந்தாள். ஒருநாள் சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோ கதை வரைந்து, ஆசை ஆசையாக அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை வீட்டில் படிக்கவில்லை. புதன்கிழமை கடைக்கு எடுத்துப்போய், ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டம் கட்டமாகச் சத்தம் போட்டுப் படித்தான். கடை உருண்டு புரண்டு சிரித்தது. அந்தச் செய்தி அவளுக்கு மூன்றாம் மனுஷர் வாயால் வந்து சேர்ந்தது. அன்றோடு அண்ணன் தங்கைப் பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர வாக்குவாதம் நிற்கவில்லை. அதற்குத்தான் அம்மா இருந்தாளே.

"அம்மா, ஃபேனைக் குறைக்கச் சொல்லு. பேப்பர் பறக்குது" என்பாள் தங்கை. அண்ணன் ஒரு முழ தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பான். "பறக்கிற மாதிரி ஒண்ணாவது வரைஞ்சாளான்னு கேளு" என்பான் அவன். ஒரே அறையில் இருந்தால் அம்மா வெறுமனே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவாள். வேறு வேறு அறையில் இருந்தால் எழுந்து நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அப்பா இறந்த பிறகு அவளுக்கு இருந்த முழுநேர வேலை இதுதான். அலுத்துக்கொண்டதே இல்லை. இவர்கள் இருவரும் அதைக் கவனித்ததும் இல்லை.

அம்மா கொண்டுவந்த வார்த்தைகள் தங்கைக்குள் முள்ளாகத் தங்கின. குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு நிறுவனம் அவள் படங்களைத் திருப்பி அனுப்பிய அன்று அம்மா உள்ளே வந்து நின்று சொன்னாள்: "முதல் பக்கத்தோட மூடி வெச்சிருப்பாங்களாம். அவங்களுக்கு நல்ல ரசனைன்னு சொல்றான்." இன்னொரு தடவை: "உன்னை யாரும் வெறுக்கலையாம். வெறுக்கணும்னா முதல்ல நீ இருக்கிறது தெரியணுமாம்." சாப்பாட்டுத் தட்டை அவள் வீசி எறிந்த ஒருநாள்: "அழச் சொல்றான். அழுகையாவது சொந்தமா வருதான்னு பார்ப்போம்கிறான்."

கேட்ட ஒவ்வொன்றையும் அவள் மனப்பாடம் செய்து வைத்தாள். செய்துவிட்டு, சும்மா இருக்கவில்லை.

ஒரு வில்லனை உண்டாக்கினாள். பேர் விரிசல். அவன் யாரையும் அடிக்க மாட்டான், துப்பாக்கி எடுக்க மாட்டான். எதிரே இருப்பதை நிதானமாகப் பார்த்து, அதில் என்ன குறை என்று சொல்வான். சொன்ன இடத்தில் அது வெடிக்கும். பாலத்தைப் பார்த்துச் சொன்னால் பாலம், மனுஷரைப் பார்த்துச் சொன்னால் மனுஷர். அவன் உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் வரைந்தாள். மேஜையைக் கணுவால் தட்டுகிற பழக்கம் வைத்தாள். அண்ணனின் சப்பை மூக்கைக்கூட விடவில்லை. வசனம் யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தயாராக இருந்ததை எழுதினாள். அவனை எதிர்க்க ஒரு கதாநாயகி வேண்டுமே என்று ஒருத்தியைக் கடைசியில் வரைந்து சேர்த்தாள்.

விடுமுறை நாட்களில் முதலாளியின் மெஷினிலேயே அச்சடித்து, புனைபெயர் போட்டு, காமிக்ஸ் கடைக்காரரிடம் கொண்டுபோனாள். "புதன்கிழமை பெட்டியோட சேர்த்து அவர் மடியில வையுங்க. யாருதுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். "ஏம்மா, வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கக் கூடாதா?" என்றார்.

"கடையிலதானே ஆரம்பிச்சாரு" என்றாள் அவள்.

அவளுக்கு விற்பனை முக்கியமில்லை. அவன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால், தன் வார்த்தைகளையே படிக்க வேண்டும். படிக்கப் படிக்க முகத்தில் ஈயாடக் கூடாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவனுக்கு இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் அத்தனை பக்கம்.

அந்தப் புதன்கிழமை அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கூட்டத்தின் பின்னால் போய் நின்றாள். அண்ணன் வழக்கம்போல ஒவ்வொன்றாக முடித்துத் தள்ளினான். அவளுடையது கடைசியாக அவன் கைக்கு வந்தது. முதல் பக்கம் திரும்பியது. இரண்டாவது திரும்பியது. மூன்றாவது பக்கத்தில் நின்றான். குனிந்து பார்த்தான். அவன் கடைசிவரை போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அவன் எந்தப் புத்தகத்தையும் இரண்டு தடவை படித்து அந்தக் கடை பார்த்ததில்லை.

மேஜையைத் தட்டினான்.

"இந்த வாரம் ரெண்டாவது, மூணாவது எல்லாம் கிடையாது. ஒண்ணே ஒண்ணுதான். இது. ஹீரோயின் தண்டம். உயிரே இல்ல, வரைஞ்ச ஆளுக்கே அவளைப் பிடிக்கல. ஆனா வில்லன்! இவ்வளவு நாளா நான் படிச்சதுல இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்ல. 'உன்னை யாரும் வெறுக்கல. வெறுக்கணும்னா முதல்ல நீ இருக்கிறது தெரியணும்.' என்ன வசனம்யா இது! இப்படி ஒரு கொடூரமான பயலை உட்கார்ந்து யோசிக்கணும்னா அது மூளை."

கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டூலும் மூக்கும் அவர்கள் கண்ணுக்கு எப்போதோ தெரிந்துவிட்டன. தெரியாதது அவனுக்கு மட்டும்தான். தங்கைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வார்த்தை தன் வாயிலிருந்து போனது என்ற நினைவுகூட இல்லையே பாவிக்கு!

"அந்த மூளை யாருதுன்னு அவர்கிட்ட கேளுங்க!" என்று கடைக்காரரைப் பார்த்துக் கத்தினாள். "அவ்வளவும் அவர் சொன்னது. ஒரு வார்த்தை நான் சேர்க்கல. வரைஞ்சது நான்தான்னு சொல்லுங்க. விரிசல் அவர்தான்னு சொல்லுங்க!"

பாவம், அம்மா இல்லாத இடத்தில் கடைக்காரர் அந்த வேலைக்கு மாட்டிக்கொண்டார். "தங்கச்சி என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தார்.

அண்ணன் புத்தகத்தைப் பார்த்தான். மூக்கைத் தடவிப் பார்த்தான். ஸ்டூலைக் குனிந்து பார்த்தான். "நானா?" என்றான். "விரிசல் நானா?"

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்த முகம் சுருங்கவில்லை, மலர்ந்தது. காதுவரை சிரித்தான். வாழ்நாள் முழுக்கக் காமிக்ஸ் படித்தவனை ஒருவர் காமிக்ஸுக்குள் வைத்துவிட்டார், அதுவும் வாரத்தின் முதல் இடத்தில். "பேனா இருக்கா?" என்று கேட்டான். வாங்க வந்தவர்களின் பிரதிகளில் 'விரிசல்' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தான். ஒருத்தன், "என்கிட்ட என்ன குறைன்னு எழுதிக் கொடுங்க" என்று நீட்டினான். எழுதியும் கொடுத்தான். கட்டு முழுக்க அங்கேயே தீர்ந்துபோனது.

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். அண்ணனாக நினைத்து அவனை வெட்ட நினைத்தவள், அவன் ஒரு ரசிகன் என்பதை மறந்துவிட்டாள். நல்லவன் என்று நாலு பேர் சொல்வதைவிட நல்ல வில்லன் என்று ஒருவர் சொல்வது அந்த ஜாதிக்குப் பெரிது. அந்தக் காமிக்ஸுக்குள்ளேயே வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் போனதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றி எறிந்தாள். அவளுக்குப் பின்னாலேயே அண்ணன் வந்தான். ஒரு பிரதியை அம்மா மடியில் வைத்து, "உன் பொண்ணு வரைஞ்ச வில்லன் நான்தான், கடையிலயே முதல் இடம். உன் பையன் பெரிய ஆளாயிட்டான், படிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டான். விசில் சத்தம் கேட்டது.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். காமிக்ஸ் படித்துப் பழக்கமில்லாதவள், ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்து நகர்த்தினாள். தங்கை சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். இவளாவது புரிந்துகொள்வாள் என்று இருந்தது. இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் காதால் கேட்டவள்தானே.

"இந்த முதல் பக்கத்தோட மூடுறது, இது அவன் சொன்னது" என்றாள் அம்மா. விரல் நகர்ந்தது. நின்றது. "இது அவன் சொல்லலையே."

"எது?"

"வெறுக்கலைங்கிறது. அன்னிக்கு நீ ஏதோ கேட்டு அனுப்பினே. நான் போய்ச் சொன்னேன். அவன் தலையே நிமிரல. 'ஒண்ணுமில்ல'ன்னான். அதை எப்படி வந்து சொல்றது? நான்தான் சொன்னேன்."

தங்கை சுவரை விட்டு நகர்ந்தாள். "அழச் சொன்னது?"

"நீ தட்டை வீசினே. நான் கீழே உட்கார்ந்து பொறுக்கிட்டிருந்தேன். ஒரு வாய் வார்த்தை கேட்டியா, அம்மா கையில கீறிடுச்சான்னு? அப்போ வந்துச்சு. அவன் பேரைப் போட்டுச் சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"ஏன்னா?" அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் குரலில் மன்னிப்பு எதுவும் இல்லை. "எனக்கும் கோவம் வரும்டி. அவன் மேலயும் வரும், உன் மேலயும் வரும். உங்க ரெண்டு பேருக்கும் என் வாய் வேணும், என் பேச்சு வேண்டாம். என் பேர்ல சொல்லியிருந்தா காதுலயாவது வாங்கியிருப்பியா? அவன் பேர்ல சொன்னதால புத்தகமே போட்டுட்டே."

தங்கை புத்தகத்தைப் பார்த்தாள். அந்த மூக்கை எவ்வளவு கவனமாக வரைந்தாள்! எத்தனை வருஷம் யாரை வெறுத்துக்கொண்டிருந்தாள்? அண்ணன் செய்தது அப்படியேதான் இருக்கிறது, கடை சிரித்தது பொய்யில்லை. ஆனால் அவளைக் குத்திக் கிழித்தவை, அவள் ராவும் பகலும் உருப்போட்டவை, இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வாயிலிருந்து வந்தவை. அம்மாவை அவள் வரையவே இல்லை. எந்தக் கட்டத்திலும் இல்லை.

"ரொம்ப நல்லா இருக்கானாமே உன் வில்லன்" என்றாள் அம்மா, புத்தகத்தை மூடியபடி. "சந்தோஷம். இனிமே நான் யார்கிட்டயும் எதையும் கொண்டுபோறதா இல்ல. வயசாச்சு."

உள் அறையில் விசில் நின்றது. "அம்மா!" என்று அண்ணன் குரல் வந்தது. "அடுத்த இதழ்ல விரிசலைக் கொன்னுடுவாளான்னு கேளு!"

அம்மா எழுந்திருக்கவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, காது கேட்கலையா? என்ன சொல்றா அவ?"

தங்கை அண்ணன் அறைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.