ஏழு படத்துக்கு ஏழு ஊசி

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவமாதாகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். முதல் தடுப்பூசி நாளிலேயே என் மானம் கப்பலேறியது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில்தான் ஊசி. என் வெள்ளை உடுப்பைக் கண்டதும் அத்தனை பிள்ளைகளும் தேயிலைக்குள் ஓடிவிட்டார்கள். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த தாய்மார் கூடையை இறக்கிவிட்டுப் பிள்ளை பிடிக்க வந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்னைத்தான் ஏசினார்.

"மிஸ்ஸி, நீங்க ஊசி போட வந்தீங்களா, வேலய நிப்பாட்ட வந்தீங்களா?"

அடுத்த முறை ஒரு படப்பெட்டியோடு போனேன். துரை பங்களாவில் பிள்ளைகள் வளர்ந்ததும் வேண்டாமென்று கொடுத்த விளையாட்டுச் சாமான். கண்ணில் வைத்தால் கடல் முன்னால் வந்து நிற்கும். விசையைத் தட்டினால் மீன், ஆமை, சுறா என்று மொத்தம் ஏழு படம். இப்போது ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளுக்கு ஏதோ கண்ணாடிக் கருவியை மாட்டிவிட்டு ஊசி போடுகிறார்களாம். எங்களுடையதற்குப் பெட்டரிகூடத் தேவைப்படவில்லை.

பெட்டி நன்றாகவே வேலை செய்தது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஊசி ஏறியதே தெரியவில்லை. ஏறியதும் பெட்டியைப் பிடுங்கி அடுத்த பிள்ளையிடம் கொடுத்தேன். வரிசை மளமளவென்று நகர்ந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ராணி!" என்று கூப்பிட்டேன். குல்லாவும் ஸ்வெட்டருமாக ஒன்று ஓடிவந்து உட்கார்ந்து, தானே பெட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வலது கையை நீட்டியது.

"இடது கைய நீட்டும்மா."

"அது வலிக்குது மிஸ்ஸி."

ஊசி தோலைத் தொடப்போன நேரம். இன்னும் போடாத கை ஏன் வலிக்கிறது? பெட்டியை இறக்கிப் பார்த்தேன். ராணி இல்லை, செல்வி! சற்று முன்புதான் அவளுக்குப் போட்டிருந்தேன். நிஜ ராணி மேசைக்கடியில் ஒளிந்திருந்தாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன். ஒரே பிள்ளைக்கு இரண்டாவது ஊசியும் ஏறியிருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்குமோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"ரெண்டு படத்துலயே புடுங்கிட்டீங்க மிஸ்ஸி. இன்னும் அஞ்சு இருக்கு." விரலை மடக்கி எண்ணினாள். "இந்தக் கையும் வலிச்சா கால்ல போடுங்க."

சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. பெட்டியை அவளிடமே கொடுத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் ஏழு படமும் பார்க்க விட்டதில், அன்று வேலை முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. கண்டாக்கையாவிடம் மறுபடியும் ஏச்சு வாங்கினேன்.

புதிதாக வேலைக்கு வரும் தங்கைமாருக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளையின் கண்ணை மறைக்கும் முன்னால் முகத்தையும் தடுப்பூசிக் கார்டையும் சரிபாருங்கள். ஊசி ஏறிவிட்டது என்பதற்காகப் பெட்டியைப் பிடுங்காதீர்கள். கடலைப் பார்க்க அந்தப் பிள்ளை இரண்டு கையையும் காலையும் தரத் தயாராக இருந்தாள். நான் கொடுத்தது இரண்டே படம்.