தொண்டை கட்டிய பதினைந்து வருடங்கள்

நான் முதன்முதலாகச் சொன்ன பொய்யை என் வாயால் சொல்லவில்லை. புதுக்கோட்டையில் நிருபராகச் சேர்ந்த முதல் வாரம், ஆட்சியர் அலுவலகத்தில் பத்திரிகையாளர் கூட்டம். செய்தித் துறை ஊழியர் ஒருவர் வாசலில் நின்று, வருகிறவர்களிடம் எந்தப் பத்திரிகை என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். எங்கள் பத்திரிகையின் பெயர் 'த' எழுத்தில் தொடங்கும். எனக்குத் திக்குவாய். நாக்கு மேல்பல்லில் ஒட்டிக்கொண்டது, பெயர் வரவில்லை. கழுத்தைத் தொட்டேன்.

"தொண்டை கட்டிருச்சா?" என்றார் அவர்.

தலையாட்டினேன். அவ்வளவுதான். பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

தொண்டை கட்டியவனாக இருப்பதில் பல வசதிகள் உண்டு. திக்குகிறவனின் வாக்கியத்தை எல்லோரும் முடித்துவைக்க முந்துவார்கள். தொண்டை கட்டியவனை யாரும் பேசவே விடமாட்டார்கள். ஆனால் சும்மாவும் விடமாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் தொண்டை சரியில்லை என்று தெரிந்தால் கைவசம் மருந்து இல்லாதவர் கிடையாது. விராலிமலையில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். அவர் கண்ணெதிரிலேயே செய்ய வேண்டியிருந்தது. கோட்டைப்பட்டினத்தில் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த கடைக்கார பாய் ஒருவர், மீன்பிடித் தடைக்காலச் செய்தி சேகரிக்கப் போன எனக்கு ஒரு டப்பா இருமல் மிட்டாய் கொடுத்தார். பேருந்து நிலையம் எதிரே இருந்த டீக்கடைக்காரர் கேட்காமலேயே மிளகும் சுக்கும் தட்டிப்போட்டுப் பால் இல்லாத டீ ஒன்று தருவார். கடையில் அதற்குத் 'தொண்டை டீ' என்று பெயர். பதினைந்து வருடம் நான் அங்கே வேறு எதுவும் குடித்ததில்லை.

நோயாளி என்றால் குரலும் அப்படி இருக்க வேண்டுமல்லவா. தொண்டையை இறுக்கி, அடிக்குரலில் கரகரவென்று பேசத் தொடங்கினேன். அதில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அந்தக் குரலில் திக்கல் குறைந்தது. அது என் குரல் இல்லை என்பதால் என் திக்கலுக்கு அதன் விலாசம் தெரியவில்லை போலும். இரண்டு வருடம் சுகமாகப் போயிற்று. பிறகு திக்கல் விலாசத்தைக் கண்டுபிடித்து வந்துசேர்ந்தது. நான் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அது மறுபடி வந்தது. மறுபடி இறுக்கினேன்.

பெரிய கூட்டங்களில் இந்தக் குரலும் கைகொடுக்காது. அதற்கு வேறு ஏற்பாடு வைத்திருந்தேன். போட்டிப் பத்திரிகை நிருபர் ஒருவர் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவார். வருடா வருடம் என் தொண்டைக்குச் சித்தரத்தை வாங்கிவந்து தருகிறவரும் அவர்தான். என் கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதி அவரிடம் தள்ளுவேன், அவர் எழுந்து கேட்பார். கேள்வி நன்றாக இருந்தால் அவருடையது. அதிகாரி முகம் சுளித்தால், "இவருதாங்க கேக்கச் சொன்னாரு, தொண்டை கட்டிருக்கு" என்று என்னைக் காட்டுவார்.

போன வருடம் ஒரு காலை, எழுந்து பார்த்தால் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. உண்மை தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னிக்கி நெசமாவே கட்டிருச்சா?"

வெளியே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் மிளகைக் கொஞ்சம் கூட்டினார். இரண்டு வாரம் பார்த்துவிட்டு மனைவி என்னைத் திருச்சிக்கு இழுத்துப் போனாள். மருத்துவர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைவிட்டு, திரையில் என் குரல்நாண்களைக் காட்டினார். இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு தடிப்பு. கடப்பாரை பிடித்த கையில் காய்க்குமே, அந்த மாதிரி என்றார். பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்குப் பொன்னமராவதிப் பக்கம். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்.

"எத்தன வருசமா இப்படிப் பேசுறீங்க?"

பதினைந்து என்று விரலால் காட்டினேன்.

"இது ஒங்க கொரலே இல்லீங்க. கழுத்தப் புடிச்சு நெரிச்சு வாங்குறீங்க. விட்ருங்க."

"வி...விட்டா த்-திக்கும்," என்றேன் காற்றில்.

"திக்கட்டுமே. திக்குறதால தொண்ட கெடாது. திக்கக் கூடாதுன்னு நீங்க பண்ற வேலதான் கெடுக்குது. இதே மாதிரி போனீங்கன்னா ஆபரேஷன் வரைக்கும் போகும். அது முடிஞ்சும் இப்படியே பேசுனீங்கன்னா திரும்பவும் காய்க்கும். கொரல் வேணுமா, ஒளிஞ்சுக்கிற எடம் வேணுமா? ரெண்டும் கெடைக்காதுங்க."

நேர்காணல் எடுத்துப் பழகியவன் நான். இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஐந்து நாள் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, செருமவும் கூடாது என்றார். அதன்பிறகு மூச்சை விட்டு மெதுவாக, என் சொந்தக் குரலில் மட்டுமே பேச வேண்டும். அந்த ஐந்து நாட்களில் எங்கள் சமையலறைக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடிப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

ஆறாம் நாள் குரல் மெல்லத் திரும்பியிருந்தது. அன்று ஆட்சியரின் பத்திரிகையாளர் கூட்டம். என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒரு கிராமத்தில் கால்நடை மருந்தகம் கட்டி, மஞ்சள் அடித்து, பெயர்ப்பலகை மாட்டி, பூட்டிவிட்டார்கள். வாசலில் ஆடுகள் படுத்திருக்கின்றன. உள்ளேதான் எதுவும் இல்லை. கேள்வியைச் சீட்டில் எழுதியும் வைத்திருந்தேன். போட்டி நிருபர் வழக்கம்போல மேசைக்கு அடியில் கையை நீட்டினார். சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"கா," என்று தொடங்கினேன். தொடங்கிய இடத்திலேயே நின்றேன்.

என் எதிரே இருந்தவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிஸ்கட்டை எடுத்தார். பாதியைக் கடித்தார். நான் இன்னும் அதே எழுத்தில் இருந்தேன். இரண்டு பேர் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் கேமராவை மெல்லக் கூரை விசிறியின் பக்கம் திருப்பினார். கழுத்துத் தசைகள் தாமாகவே இறுகப் பார்த்தன. கரகரப்பு தயாராகக் கீழே நின்றுகொண்டிருந்தது, கூப்பிட்டால் வந்துவிடும்.

அப்போது, என் முதல் கூட்டத்தில் வாசலில் நின்று பெயர் குறித்த அதே ஊழியர் எழுந்தார். இன்று அவருக்குத் தலை நரைத்துவிட்டது. நல்ல மனிதர்.

"சாருக்குத் தொண்ட சரியில்லீங்க," என்று ஆட்சியரிடம் எனக்காகச் சொன்னார்.

தலையாட்டினால் போதும், உட்கார்ந்துவிடலாம். பதினைந்து வருடப் பழக்கத்தில் தலை பாதி ஆடியும்விட்டது.

"தொ...தொ...தொண்ட ந-நல்லாத்தாங்க இருக்கு," என்றேன். "எ-எனக்குத் த்-திக்கும். கொஞ்சம் இ-இருங்க."

ஆட்சியர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். கேள்வி முடிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. நான் 'கால்நடை'யிலிருந்து 'மருந்தகம்' போய்ச் சேருவதற்குள், பின்வரிசையில் இருந்த அதிகாரி ஃபைலைத் தேடி எடுத்து, உரிய பக்கத்தையும் புரட்டிவிட்டார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மின் இணைப்புக்காகக் காத்திருப்பதாகவும், அடுத்த வாரம் திறப்பதாகவும் பதில் வந்தது. திக்குகிறவன் கேட்டால் நிர்வாகத்துக்கும் தயாராக அவகாசம் கிடைக்கிறது.

கூட்டம் முடிந்து போட்டி நிருபரோடு டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"தொண்ட எப்படி மாப்ள இருக்கு?"

"அதான் ச-சொன்னேனே. எனக்குத் த்-திக்குவாய்."

"அது தெரியும்ப்பா. நீ வந்த மொத வாரமே தெரியும். திருச்சிக்குப் போனியே, தொண்டைக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்."

நான் பெஞ்சில் அவர் பக்கமாகத் திரும்பினேன்.

"அப்ப எ-எதுக்கு வருசா வருசம் சித்தரத்த வாங்கியாந்து குடுத்த?"

"நீதானய்யா தொண்ட கட்டிருக்குன்னே. இல்லன்னு சொல்ல நான் யாரு? கேள்வி வேற நல்லா நல்லா எழுதிக் குடுப்ப."

டீக்கடைக்காரர் வழக்கம்போல மிளகைத் தட்ட ஆரம்பித்திருந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"பா...பா...பால்," என்றேன். அவர் சின்ன உலக்கையைப் பிடித்தபடி பொறுமையாக நின்றார். "பால் டீ."

"அப்ப தட்டுனத என்னங்க பண்றது?"

"டீயாப் போட்டு இங்கிட்டுக் குடு," என்று போட்டி நிருபர் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"இதக் குடிக்கிறதுக்கு நீ மொதல்லயே திக்கியிருக்கலாம்."