செக்குக்குக் கங்கா ஸ்நானம்

எங்கள் சித்தப்பாவை எள் என்றால் எண்ணெயாய் நிற்பவர் என்பார்கள். கல்கத்தாவில் ஒரு தீபாவளிக்கு அது அப்படியே பலித்தது. ஆனால் எள்ளுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது பவானிப்பூரில் ஒரே சந்தில் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தோம். ஊரெல்லாம் கடுகெண்ணெய் மணக்கும்; நல்லெண்ணெய்க்கு இருந்தது ஒரே கடை. கடைக்கார மாமாவும் நம் மனிதர்தான். சென்னையிலிருந்து கப்பலில் டின் வரும். அவர் சொன்னதே விலை. தீபாவளி நெருங்க நெருங்க விலை ஏறும், எண்ணெயின் மணம் இறங்கும். கேட்டால், "கடல் காத்து பட்டா அப்படித்தான்" என்பார்.

அலிப்பூர் ஆபீஸில் சித்தப்பாவிடம் யாரோ கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் ஹோமியோபதி, அதற்கும் முன் ஆர்மோனியம் என்று அவர் பிடித்து விட்டவை பல. அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மத்தியான வேளைகளில் வீடு வீடாகப் போய் மாமிகளைச் சங்கத்தில் சேர்த்தவள் அவள்தான். எல்லோருமாகச் சேர்ந்து எள் வாங்கி, காளிகாட் பக்கத்துச் செக்கில் ஆட்டுவதென்று ஏற்பாடு.

செக்குக்காரர் வங்காளி. அந்த ஊர் வழக்கப்படி அவரை அண்ணன் முறையில் 'தாதா' என்போம். மெஷின் எண்ணெய் வந்த பிறகு அவரிடம் கடுகு கொண்டுவருவோர் குறைந்து, மாட்டை விற்றுவிடுவதாக இருந்தார். வருஷம் முழுக்க எங்கள் சந்து அவரிடமே ஆட்டும் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்ததும், அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டார்.

கடைக்கார மாமா சும்மா இருப்பாரா? "சங்கத்துல சேர்ந்த ஆத்துக்கு என் கடையில ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது" என்று சொல்லி அனுப்பினார். செக்கு கைவிட்டால் சந்து முழுவதற்கும் வறண்ட தலையோடு தீபாவளி. தாதாவுக்கு மாடும் போய்விடும்.

மாடியில் எள் காய்ந்தது. கூடவே நாங்களும் வெயிலில் நின்றோம். "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயறது, எலிப்புழுக்கை எதுக்குக் காயறது?" என்று அம்மா விரட்டினாள். நாங்கள் நகரவில்லை.

முதல் மூட்டையை ஆட்டி வந்த எண்ணெயைச் சித்தப்பா உள்ளங்கையில் விட்டு முகர்ந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் அல்ல, கடுகு நெடி! பரம்பரையாகக் கடுகு குடித்த மரச்செக்கு எள்ளையும் கடுகாக்கியிருந்தது. சித்தப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். தாதா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

அம்மா மட்டும் செக்கைச் சுற்றி வந்து பார்த்தாள். "தலையில இருக்கற எண்ணெய் எதுல போறது? இதுவும் அதுலதான் போகும்" என்றாள்.

ஒவ்வொரு வீட்டிலும் தீபாவளிக்கென்று பிறந்த வீட்டிலிருந்து வந்த சீயக்காய்ப் பொடி துணிப்பையில் பத்திரமாக இருந்தது. அத்தனை பையும் செக்கடிக்கு வந்தன. ஒரு மாமி தன் பையைக் கடைசி வரைக்கும் மார்போடு அணைத்திருந்து, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டினாள். தாதாவின் மனைவி வெந்நீர் ஊற்ற, சந்துக்கு வெளியே வராத மாமிகள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்த்தார்கள். தேய்த்துக் கழுவியதைத் தவிடு போட்டு உலர்த்தினார்கள். "செக்குக்குக் கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று நாங்கள் கூவிக்கொண்டே மாட்டைச் சுற்றி ஓடினோம்.

அடுத்த மூட்டையை ஆட்டினார்கள். எண்ணெய் பொன்னாக இறங்கியது. செக்கடியே கமகமவென்று மணத்தது. தாதா ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "கூப் பாலோ! ரொம்ப நல்லது!" என்றார். எங்களிடம் கற்ற தமிழ் அவ்வளவுதான். சித்தப்பா மாட்டையே கட்டிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று சந்து பூராவும் ஒரே கூச்சல்.

தீபாவளி விடியலில் என் தலையில் எண்ணெயைச் சொட்டச் சொட்டத் தேய்த்த பிறகுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. சீயக்காய் எங்கே? எந்த வீட்டிலும் இல்லை. கடலைமாவோ முன்தினமே லட்டாகிவிட்டிருந்தது. சந்து முழுவதும் எண்ணெய்த் தலையோடு வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது.

அப்போது கொல்லைக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. கடைக்கார மாமாவின் மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் கிண்ணம். மறு கையில் சீயக்காய்ப் பொட்டலம்.

"எங்காத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் குடுங்கோ. குழந்தைகள் தலையில வைக்கணும்" என்றாள் தணிந்த குரலில்.

அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தாள். மாமி தந்த பொட்டலம் சங்கத்துச் சொத்தாகி, வீட்டுக்கு ஒரு சிட்டிகையாகப் போயிற்று. அன்று முழுவதும் நாங்கள் பளபளவென்று திரிந்தோம்; தாதாவின் மாடு கழுத்தில் மாலையோடு திரிந்தது.

"அவாத்துல டின் டின்னா எண்ணெய் இருக்கே, மாமி ஏம்மா நம்மகிட்ட வந்தா?" என்று கேட்டேன். அம்மா வழுக்கிக்கொண்டிருந்த என் பின்னலை இறுக்கிப் போட்டபடி, நிறுத்தமுடியாமல் சிரித்தாள். அத்தனை டின்னும் விற்றுத் தீர்ந்துபோயிருக்கும், பாவம், இதற்குப் போய் அம்மா சிரிக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது.